ராணுவ பிலிம் கேமரா சேகரிப்பு: முத்திரையை விடுங்கள், உடம்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "ராணுவங்கள் பயன்படுத்திய பழைய பிலிம் கேமராக்களைச் சேகரிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்குவதில் படம் எடுக்க முடியுமா?"

போலியைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் பணம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் முன்னால், எதை ராணுவ கேமரா என்று சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ளலாம். விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

முதல் வகை, சிப்பாய் தன் சொந்தக் காசில் வாங்கிக் கொண்டுபோனது. 1912-இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் இதற்கு நல்ல உதாரணம். மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். முதல் உலகப் போரில் இதைச் சிப்பாயின் கேமரா என்றே கோடக் விளம்பரம் செய்தது. முன்னணியில் யாரும் கேமரா வைத்திருக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவம் தடை போட்ட பிறகும் பலர் ஒளித்து வைத்துப் படம் எடுத்தார்கள். போருக்குப் போன கேமராதான், ஆனால் ராணுவத்தின் கேமரா இல்லை. இரண்டாவது வகை, கடையில் விற்கிற அதே கேமராவை ராணுவம் வாங்கித் தன் முத்திரையைக் குத்திக்கொண்டது. மூன்றாவது, ராணுவத்தின் தேவைக்காகவே வடிவமைத்தது அல்லது மாற்றிக் கட்டியது.

விலை ஏறுவதும் போலி பெருகுவதும் இரண்டாவது வகையில். காரணம் எளிது. கேமராவை மாற்ற வேண்டியதில்லை, நாலு எழுத்தைச் செதுக்கினால் போதும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களை நான் எப்போதும் மூன்றாவது வகையின் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறேன். எழுத்தைச் செதுக்குவது சுலபம், இயந்திரத்தை மாற்றிக் கட்டுவது அப்படி இல்லை.

சரி, எல்லோரும் கேட்கிற ஜெர்மன் கேமரா லைக்காவுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் வாங்கிய லைக்காக்களில் பெயர் பெற்றது 1940-இல் வெளிவந்த IIIசி. வார்ப்பு உலோக உடலோடு வந்த முதல் லைக்கா அது. போர்க்காலத்தில் குரோமியம் கிடைக்காமல் போனதால் பல கேமராக்கள் சாம்பல் நிறப் பெயின்ட் பூசி வெளிவந்தன. விமானப் படைக்குப் போனவற்றில் 'லுஃப்ட்வாஃபன் ஐகென்டும்' என்று, அதாவது விமானப் படையின் உடைமை என்று, செதுக்கியிருக்கும். கூடவே எஃப்.எல். 38079 என்ற எண் இருக்கும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரே 38079 பல கேமராக்களில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒன்றுதான் அசல், மற்றதெல்லாம் நகல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பொருள் வகைக்கான கிடங்கு எண். தனிக் கேமராவின் எண் மேல் தகட்டில் வேறாக இருக்கும். சிலவற்றில் அந்த எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து வரும். ஷட்டரில் பால் பேரிங் வைத்துக் கட்டியது என்று அதற்குப் பொருள். கடுங்குளிரிலும் ஷட்டர் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று செய்த ஏற்பாடு.

இப்போது போலிக்கு வருவோம். சந்தையில் திரியும் 'நாஜி லைக்கா'க்களில் பெரும்பகுதி சோவியத் ஃபெட் அல்லது ஸோர்க்கி கேமராவின் தோலை உரித்து, புதுப் பெயின்ட் அடித்து, கழுகும் ஸ்வஸ்திகாவும் செதுக்கியவை. ஃபெட் 1934 முதல் கார்கிவில் தயாரானது, ஸோர்க்கி 1948 முதல் கிராஸ்னகோர்ஸ்கில். இரண்டும் லைக்கா II-ஐப் பார்த்துச் செய்தவை. ஆகவே தூரத்துப் புகைப்படத்தில் குடும்பச் சாயல் இருக்கத்தான் செய்யும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று இடங்களில் பிடித்துவிடலாம்.

முதலில் முன்பக்கம் பாருங்கள். IIIசி என்று சொல்லும் கேமராவில் மெதுவான ஷட்டர் வேகங்களுக்கென்று முன்னால் ஒரு சிறு வட்டத் திருகு இருந்தே ஆக வேண்டும். ஃபெட் 1-இலும் ஸோர்க்கி 1-இலும் அது கிடையாது. அடுத்து, மேலே உள்ள வேகத் திருகு. IIIசி-யில் 1/1000 வரை போகும், அந்த சோவியத் கேமராக்களில் 1/500-ஓடு நின்றுவிடும். அப்புறம் லென்ஸைக் கழற்றுங்கள். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உள்ளே மேல்பக்கம், தூரம் பார்த்துக் குவியம் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்காக லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டு நகரும் ஒரு சிறு கை தெரியும். லைக்காவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் இருக்கும். ஃபெட், ஸோர்க்கி இரண்டிலும் சக்கரத்துக்குப் பதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. மேல் தகட்டில் எதை வேண்டுமானாலும் செதுக்கலாம், இந்தக் கையை மாற்றப் போலிக்காரர் மெனக்கெடுவதில்லை.

தங்கமுலாம் பூசியது, பாம்புத்தோல் ஒட்டியது, '1936 பெர்லின் ஒலிம்பிக்' என்று பொறித்தது எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். படைக்குப் போன அசல் கேமரா பார்க்க அடக்கமாகவே இருக்கும். அலங்காரம் கூடக் கூட என் சந்தேகமும் கூடும்.

இன்னொரு வகைப் போலி இதைவிடப் பொல்லாதது. கேமரா அசல் லைக்காவே, IIIசி-யே, எண்ணும் போர்க்காலத்ததே. முத்திரை மட்டும் பிற்பாடு செதுக்கியது. இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு சிறு டார்ச்சும் வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். எண்பது வருடம் கையில் புழங்கிய உலோகத்தில் கீறல்கள் எழுத்தின் மேலே ஏறிக் கடந்துபோகும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள் அழுக்கு கெட்டிப்பட்டிருக்கும். பிற்பாடு செதுக்கியதில் நிலைமை தலைகீழ். பழைய கீறலை எழுத்து வெட்டிக்கொண்டு போகும். கேமரா முழுக்கத் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூராக நிற்கும். உள்ளே நிரப்பிய வண்ணமும் பளிச்சென்று இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, எண்ணைக் குறித்துக்கொண்டு வெட்ஸ்லாரில் உள்ள லைக்கா நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து எப்போது, எங்கே அனுப்பினார்கள் என்ற பதிவு அவர்களிடம் உண்டு. விலை பெரிதென்றால் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. உடம்பின் எண்ணும் மற்றப் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கேமராவைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். ராணுவப் பணிமனைகளில் பத்து கேமராவைப் பிரித்து எட்டாகக் கட்டுவது சாதாரணம். லென்ஸ் மாறியிருக்கும், மேல் தகடு மாறியிருக்கும். உபரி என்று ஒதுக்கி விற்கும்போது முத்திரையை அராவிவிடுவதும் உண்டு. அசலான ராணுவ கேமரா பல சமயம் ஒட்டுப்போட்டதாகத்தான் இருக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தி, புத்தம் புதிதாக இருக்கும் ஒன்றைப் பார்த்தால்தான் எனக்கு நெருடுகிறது.

லைக்காவை விட்டு வெளியே வந்தால் சுவாரஸ்யமும் கூடுகிறது, ஆபத்தும் குறைகிறது.

போருக்குப் பிறகு ஜெர்மன் காப்புரிமைகள் செல்லாமல் போனதால் லைக்காவை நகலெடுக்க வழி பிறந்தது. இங்கிலாந்தில் விமானக் கருவிகள் செய்துகொண்டிருந்த ரீட் அண்ட் சிக்ரிஸ்ட், லைக்கா IIIபி-யைப் பார்த்து ரீட் கேமராவைச் செய்தது. ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத ரீட் I பெரும்பாலும் பிரிட்டிஷ் படைகளுக்கே போனது. வேலைப்பாடு லைக்காவுக்குச் சற்றும் குறையாது. அமெரிக்காவில் நியூயார்க்கின் பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட் செய்த கார்டனும் ஒரு லைக்கா நகல்தான், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல் கோருக்காகச் செய்தது. ராணுவக் கார்டனைக் கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரியும். ஷட்டர் பொத்தான் உயர்ந்து நிற்கும், குவியம் திருப்பும் சக்கரம் பெரிதாக இருக்கும். தடித்த கையுறை போட்ட விரலுக்காகச் செய்த மாற்றம் அது. முத்திரையே இல்லாவிட்டாலும் இது யாருக்காகச் செய்தது என்று விரல் சொல்லிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் 70 மி.மீ. காம்பட் கிராஃபிக், ராணுவப் பெயர் கேஇ-4. வடிவமைத்தவர் ஹுபர்ட் நெர்வின். போருக்கு முன் ஜெர்மனியில் ஸைஸ் ஐகானில் வேலை பார்த்தவர், போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போனவர். அதனால் கேமராவும், ஸைஸ் ஐகானின் 35 மி.மீ. கேமராவான கான்டாக்ஸை இரண்டு மடங்கு ஊதிப் பெருக்கியது போல இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை 'கலிவரின் கான்டாக்ஸ்' என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். ஓரத்தில் துளையுள்ள 70 மி.மீ. பிலிம், ஸ்பிரிங் மோட்டார், கழற்றி மாற்றும் லென்ஸ்கள். ஒருமுறை சாவி கொடுத்தால் வரிசையாகப் பல படங்கள் எடுக்கலாம். பெரிய பிலிமின் தரமும் கைக்கேமராவின் வேகமும் சேர்ந்தே வேண்டும் என்று ராணுவம் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது. இதைப் போலி செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது.

லைக்காவையே விட மனமில்லை என்றால் கேஇ-7ஏ-யைக் கனவில் வைத்துக்கொள்ளலாம். 1972-இல் கனடாவின் மிட்லண்ட் ஆலையில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த லைக்கா எம்4. கடுங்குளிரில் வேலை செய்யும்படி கட்டியது. கூட வரும் லென்ஸ் 50 மி.மீ. எஃப்/2 எல்கன். மொத்தம் சுமார் 500-தான் செய்தார்கள், விலையும் அதற்கேற்பத்தான். மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குப் போன ஆலிவ் பச்சை லைக்கா எம்3-யும் இதே உயரத்தில் இருக்கிறது.

கொஞ்சம் கிறுக்குத்தனமான பொருள் வேண்டுமென்றால் பயிற்சித் துப்பாக்கி கேமராக்களைத் தேடுங்கள். முதல் உலகப் போரில் தார்ன்டன்-பிக்கார்ட் செய்த ஹைத் மார்க் III, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் தோற்றத்திலேயே இருக்கும். விமானத்திலிருந்து சுடப் பழகுகிறவர் விசையை இழுத்தால் குண்டுக்குப் பதில் படம் விழும். குறுக்குக்கோடுகள் போட்ட கண்ணாடி வழியாகப் பதிவாவதால், குறி எங்கே தப்பியது என்று பிறகு பார்த்துச் சொல்லிவிடலாம். ஜப்பானில் கோனிஷிரோகு இதே யோசனையில் டைப் 89 என்ற துப்பாக்கி கேமராவைச் செய்தது. இவை பார்க்கத் துப்பாக்கி போலவே இருப்பதால், எல்லை தாண்டி வரவழைக்கும் முன் சுங்க விதியைப் படித்துவிடுங்கள்.

வான்வழிப் படக் கேமராக்கள் தனி உலகம். பிரிட்டனின் எஃப்24, 5 அங்குலச் சதுரப் படம், மேகசின் எனும் ஒரு பிலிம் பெட்டியில் 125 படங்கள். 1920-களில் பிறந்து இரண்டாம் உலகப் போர் முழுக்க உழைத்தது. அதன் அமெரிக்க வடிவம் கே-24. கையில் பிடித்து எடுக்கும் கே-20-ஐ ஆயிரக்கணக்கில் செய்தார்கள். கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் பிலிம் நகரும், வெற்றிட உறிஞ்சலில் பிலிம் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அணுகுண்டு போட்ட எனோலா கே விமானத்தின் வால்பகுதியிலிருந்து ஜார்ஜ் கேரன் ஹிரோஷிமா புகை மண்டலத்தை எடுத்தது கே-20-இல்தான். இவற்றின் விலை லைக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இடம்தான் பிரச்சினை. எஃப்24 வாங்கும்போது உடம்பு, மேகசின், லென்ஸ் கூம்பு, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல வருடம் தனித்தனியாக விற்றுப்போன பாகங்கள் இவை. ஒன்று குறைந்தால் மீண்டும் சேர்ப்பது பெரும்பாடு.

கே-24-இல் லென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் வந்த கோடக் ஏரோ எக்டார், 7 அங்குலம், எஃப்/2.5, இன்று பெரிய பிலிமில் படம் எடுப்பவர்களின் செல்லப்பிள்ளை. கழற்றி ஸ்பீட் கிராஃபிக் என்ற பெரிய பிலிம் கேமராவில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள், உடம்புகள் குருடாக நிற்கின்றன. இந்த லென்ஸில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. ஒளிவிலகலைக் கூட்டச் சேர்த்தது, கதிரியக்கமும் கூடவே வந்துவிட்டது. அந்தக் கதிர்வீச்சே கண்ணாடியைத் தேநீர் நிறமாகப் பழுப்பாக்குகிறது. புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் நிறம் பெருமளவு தெளியும். கதிரியக்கம் எங்கும் போகாது, தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். அலமாரியில் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது, தலைமாட்டில் வைத்துத் தூங்குவது, கண்ணாடியை உரசி மெருகேற்றுவது, இவை வேண்டாம்.

முத்திரைகளை நம்பாதீர்கள் என்றேன், ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று பொருள். பிரிட்டிஷ் விமானப் படையின் கேமராப் பொருட்களில் 14ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். நேட்டோ நாடுகளின் கிடங்கு எண் 13 இலக்கம். முதல் நான்கு பொருள் வகை, அசையாப் படக் கேமராவுக்கு 6720. அடுத்த இரண்டு நாட்டுக்கு உரியவை: ஜெர்மனி 12, பிரிட்டன் 99, கனடா 21. அமெரிக்காவில் 1974-க்கு முன் அந்த நாட்டு எண் இல்லாமல் 11 இலக்கம்தான். ஆகவே 1960-களின் அமெரிக்கக் கேமரா என்று சொல்லி 13 இலக்கத் தகட்டைக் காட்டினால், அந்தத் தகடு எப்போது ஏறியது என்று கேளுங்கள். சும்மா ஒரு கேள்விதான், பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

'கேஜிபி உளவு கேமரா' என்று விற்கும் ஃபோட்டோஸ்னைப்பர் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையில் ஸெனிட் கேமராவும் 300 மி.மீ. டைர் லென்ஸும் பொருத்திய பெட்டி. 1960-களிலிருந்து யார் வேண்டுமானாலும் கடையில் வாங்க முடிந்த பொருள். பறவையும் விலங்கும் படம் எடுக்க வாங்கினார்கள். விளையாட்டாக வைத்திருக்க அருமையான கேமரா, அந்த மூன்றெழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நிலைமையைச் சோதிப்பது எல்லாப் பழைய கேமராவுக்கும் பொதுவானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி ஷட்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா பாருங்கள். ஒரு விநாடி வேகம் இழுத்துக்கொண்டு நின்றால் பழைய கிரீஸ் இறுகிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் செய்யாமல் திரும்பத் திரும்ப அமுக்கிப் பழக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பல்சக்கரம் உடையும். லென்ஸில் பூஞ்சை இருந்தால் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமராவை அதற்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், பித்தளையில் பச்சை பூக்கும். அப்புறம், தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள், மெருகு போடாதீர்கள். தேய்மானம்தான் சான்று என்று மேலே பார்த்தோம். அதைத் துடைத்துவிட்டால் அசலையும் போலியையும் பிரிக்க இருந்த முக்கியமான கருவி போய்விடும்.

ஸ்வஸ்திகா பொறித்த பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது பெரும்பாலும் குற்றம். ஏலத் தளங்கள் பலவும் ஏற்பதில்லை. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், சின்னத்துக்காக ஒரு கேமராவை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நல்ல இயந்திரம் வேண்டுமென்றால் அது இல்லாமலும் எத்தனையோ இருக்கின்றன.

கடைசியாக, படம் எடுக்க முடியுமா? 35 மி.மீ. கேமரா எதுவானாலும் முடியும். ஜெர்மன் விமானப் படையின் ராபாட் II கேமரா வாங்கினால் அதன் சொந்தப் பிலிம் கூடும் கூட வருகிறதா என்று பாருங்கள். பிலிம் ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குப் போகும் அமைப்பு அது, வாங்கிக்கொள்ளும் கூடு இல்லாமல் கேமரா வெறும் பேப்பர்வெயிட். ஸ்பிரிங் மோட்டாரில் 24 மி.மீ. சதுரப் படங்கள் சடசடவென்று விழும், அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். பெல் அண்ட் ஹவல் ஐமோ என்ற சினிமா கேமரா என்றால் 35 மி.மீ. சினிமா பிலிம் 100 அடி போடலாம், விநாடிக்கு 24 படம் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். காம்பட் கிராஃபிக்கின் 70 மி.மீ. பிலிமும் வான்வழிக் கேமராக்களின் அகலச் சுருளும் கிடைப்பது அரிது, அவற்றைப் பார்வைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் எடுக்க வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் முதல் கேமராவாக நான் கைகாட்டுவது 1941-இல் வந்த கோடக் மெடலிஸ்ட். அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தியது, 100 மி.மீ. எக்டார் லென்ஸ், 6×9 செ.மீ. நெகடிவ், எடையோ செங்கல். கடையில் விற்றதும் படையில் இருந்ததும் ஒன்றேதான் என்பதால் முத்திரை இல்லாத ஒன்றை வாங்கினாலும் இயந்திரத்தில் ஏதும் குறையாது. இது கேட்பது 620 பிலிம். இன்று கிடைக்கும் 120 பிலிமும் அதே அகலம்தான், உருளையின் தண்டும் விளிம்பும் மட்டும் வேறு. எனவே இரண்டு பழைய 620 உருளைகள் வேண்டும், ஒன்று பிலிமைச் சுற்ற, இன்னொன்று கேமராவுக்குள் வாங்கிக்கொள்ள. இருட்டுப் பைக்குள் கையை விட்டு 120 ரோலை முதலில் வேறொரு உருளைக்குச் சுற்றுங்கள், அதிலிருந்து திரும்ப 620-க்குச் சுற்றுங்கள். அப்போதுதான் முனை சரியான பக்கம் வரும். பிலிமைக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும் டேப் இருக்கும் இடத்தில் சுருக்கம் விழும், அங்கே மட்டும் நிதானமாக நீவிவிடுங்கள். கழுவக் கொடுக்கும்போது 620 உருளையைத் திருப்பித் தரும்படி சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் குப்பைக்குப் போய்விடும்.